இயன்மருத்துவ ஆசிரியையிடம் கேளுங்கள்

நான் கொக்குவிலில் பிறந்தவள். கொழும்புப் பெரியாஸ்பத்திரியோடு இணைந்த பாடசாலையில் இயன்மருத்துவம், அதாவது பிசியோதெரபி படித்து, வடக்கில் ஓர் அரச ஆஸ்பத்திரியில் பணியாற்றி, 1984இல் இங்கிலாந்துக்குப் புலம்பெயர்ந்து, அங்கே முதலில் நோயாளரோடும் பின்னர் மாணவரோடும் காலத்தைக் கழித்து ஓய்வுபெற்றேன். இப்போது ஆண்டின் பெரும்பகுதி யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறேன். என் வாழ்க்கையைப் பற்றியும் தொழிலைப் பற்றியும் பலர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே ஒன்றாகப் பதில் எழுதுகிறேன். ஆளை நேரில் பார்க்காமல் எழுத்தில் சொல்லக்கூடியதற்கு ஓர் எல்லை உண்டு. ஆகவே நோய் பற்றிய பதில்களை உங்கள் டொக்டரிடமும் உங்களைப் பார்க்கும் இயன்மருத்துவரிடமும் காட்டிக் கேட்ட பின்னர் கைக்கொள்ளுங்கள்.

கேள்வி (மானிப்பாய், உயர்தர வகுப்பு மாணவி): ரீச்சர், உங்கள் காலத்தில் டொக்டர், எஞ்சினியர் என்ற இரண்டைத் தவிர வேறு படிப்பைப் பெற்றோர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள் என்று அம்மம்மா சொல்வார். நீங்கள் எப்படி இந்தத் துறைக்கு வந்தீர்கள்?

பதில்: அம்மம்மா சொல்வது சரிதான், மகள். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். ஆனால் 1962இல் இலங்கையில் இளம்பிள்ளைவாதம் பெருமளவில் பரவியபோது எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு சிறுமிக்கு அந்த நோய் வந்தது. உயிர் தப்பினாள், வலது கால் சூம்பிவிட்டது. இரும்பும் தோலும் சேர்த்துச் செய்த கலிப்பர் என்ற கால்தாங்கியை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடப் படியில் ஏற அவள் பழகியதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவளுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண்மணி ஆஸ்பத்திரியிலிருந்து எப்போதாவது ஒருமுறைதான் வருவார். மற்ற நாட்களிலெல்லாம் அவளுடைய தாயார்தான் விறாந்தையில் பாயை விரித்து, அந்தக் காலை மெல்ல நீட்டி மடக்கி, எண்ணிக்கை சொல்லிச் செய்வித்தார். அந்தத் தாய் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர். அவருக்கு விளங்கும்படி சொல்லிக்கொடுத்த ஒருவர் இருந்ததனால்தான் அந்தப் பிள்ளை நடந்தாள். அந்த ஒருவராக இருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அங்கேதான் பிடித்தது. இளம்பிள்ளைவாதம் இந்த நாட்டில் 1993க்குப் பின்னர் காணப்படவில்லை. தடுப்பு மருந்துக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது.

கேள்வி (சுன்னாகம், ஓய்வுபெற்ற தபாலதிபர்): 1970களில் இங்கே பிசியோதெரபி எப்படி இருந்தது? உபகரணங்கள் இருந்தனவா?

பதில்: மிகக் குறைவு, ஐயா. ஒரு மெழுகுத் தொட்டி, வெப்பக் கதிர் விளக்கு, மின்சாரம் இருந்தால் வேலை செய்யும் சூட்டு இயந்திரம் ஒன்று, இரண்டு கட்டில்கள், நடைபழகும் இரட்டைச் சட்டம், இவ்வளவுதான். இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலமாகையால் பழுதான பொருளுக்கு மாற்றுப்பாகம் கிடைப்பதும் அரிது. மணல் பைகளைக் காக்கித் துணியில் தையற்காரரைக் கொண்டு தைப்பித்து, பலசரக்குக் கடைத் தராசில் நிறுத்து, ஒவ்வொன்றின் மேலும் நிறையை மையால் எழுதி வைத்துக்கொண்டோம். தோள் இறுகிப்போனவர்களுக்குக் கிணற்றுக் கப்பியை வாங்கி மாங்கொம்பில் கட்டி, கயிற்றின் இரு முனையிலும் ஒவ்வொரு மரத்துண்டைக் கைப்பிடியாக முடிந்துவிடுவேன். நல்ல கை கீழே இழுக்க, நோவுள்ள கை தானாக மேலே போகும். எவ்வளவு தூரம் போகலாம் என்பதை நோயாளியே தீர்மானிப்பதால் பயம் இல்லை. பின்னாளில் இங்கிலாந்தில் இதே வேலைக்குப் பளபளப்பான கப்பிகளைக் கண்டேன். செய்யும் வேலை ஒன்றேதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது வெங்காயத்துக்கும் செத்தல் மிளகாய்க்கும் நல்ல விலை கிடைத்த காலம். விடியற்காலையிலிருந்து குனிந்து நின்று வேலை செய்த தோட்டக்காரர்கள் நாரிப்பிடிப்போடு, அதாவது இடுப்புப் பிடிப்போடு, வருவார்கள். மருத்துவ உலகம் அப்போது எழுதிக்கொடுத்த மருந்து படுக்கை; பலகைக் கட்டிலில் வாரக்கணக்காக அசையாமல் கிடக்கச் சொல்வார்கள். தோட்டக்காரருக்கு அது முடியாத காரியம். தண்ணீர் பாய்ச்சாவிட்டால் பயிர் போய்விடும். அவர்கள் மெல்ல எழும்பி நடந்தார்கள், படுத்துக் கிடந்தவர்களைவிட விரைவாகத் தேறவும் செய்தார்கள். 1986இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு நாள் மட்டும் ஓய்வெடுக்கச் சொல்லப்பட்டவர்கள், ஏழு நாள் படுக்கச் சொல்லப்பட்டவர்களைவிட 45 சதவீதம் குறைவான வேலைநாட்களையே இழந்தார்கள் என்று வந்தது. அந்தக் கட்டுரையை மாணவருக்குப் படிப்பிக்கும்போதெல்லாம் நான் உரும்பிராய்த் தோட்டக்காரரைப் பற்றியும் சேர்த்தே சொல்வேன். சாதாரண நாரிநோவுக்கு இன்றைக்கும் முதல் அறிவுரை, இயன்றவரை நடமாடுங்கள் என்பதே. ஆனால் சலம் போவதிலோ மலம் போவதிலோ திடீரென மாற்றம், தொடையிடுக்கில் உணர்வற்ற விறைப்பு, கால் பலமிழத்தல் ஆகியவற்றில் ஏதும் கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கேள்வி (நல்லூர், ஆசிரியர்): இவ்வளவு தேவை இருந்த இடத்தை விட்டு ஏன் போனீர்கள்? குறையாகக் கேட்கவில்லை, அறியவே கேட்கிறேன்.

பதில்: கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. என் கணவர் கொழும்பில் வேலை பார்த்தார். 1983 ஜூலைக் கலவரத்தில் அவர் இருந்த வாடகை வீடும் அதிலிருந்த பொருட்களும் எரிந்தன. அகதிகளை ஏற்றிய கப்பலில் வந்து காங்கேசன்துறையில் உடுத்த சாரத்தோடு இறங்கினார். எங்களுக்கு அப்போது சிறு குழந்தை இருந்தது. இங்கிலாந்தில் அவருடைய தமையனார் இருந்ததனால் அடுத்த ஆண்டு போக வழி கிடைத்தது. நான் போன பிறகு என் இடத்துக்கு நெடுங்காலம் எவரும் வரவில்லை என்று அறிந்தேன். அதன் பிறகு இங்கே மிதிவெடியிலும் ஷெல்லிலும் கால் இழந்தவர்களின் தொகை கூடிக்கொண்டே போயிற்று. குழந்தையைக் காப்பாற்றப் போனேன் என்பதும் உண்மை. நோயாளரை விட்டுப் போனேன் என்பதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க நான் விரும்பவில்லை.

கேள்வி (திருநெல்வேலி, பல்கலைக்கழக மாணவன்): சேவையில் இருந்த நீங்கள் அங்கே ஆசிரியராக எப்படி மாறினீர்கள்?

பதில்: உடனே மாறவில்லை, தம்பி. இங்கிலாந்தில் இந்தத் தொழிலுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1894இல் நான்கு தாதியர் சேர்ந்து தொடங்கிய சங்கமே அதன் வேர். 1920இல் அது அரச சாசனம் பெற்றது. நான் போனபோது 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கிய சபையில் பதிவு பெற்றால்தான் அரச ஆஸ்பத்திரியில் வேலை செய்யலாம். என் படிப்பையும் அனுபவத்தையும் நிறுத்துப் பார்த்து முடிவு சொல்லும்வரை உதவியாளராக நின்றேன். நோயாளரைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து விட்டேன், கட்டில் விரித்தேன். பின்னர் மேற்பார்வையின் கீழ் ஒரு காலம். அதற்கும் பிறகே முழுப் பதிவு.

மாணவர்கள் வார்ட்டுக்குப் பயிற்சிக்கு வருவார்கள். அவர்களுக்கு உடற்கூறு மனப்பாடம், ஆனால் கை பழகியிருக்காது. முழங்காற் சில்லின் ஓரத்தைத் தடவிக் கண்டுபிடிக்கச் சொன்னால் விரல் நுனியால் அழுத்துவார்கள். நோயாளி சுளிப்பார், தசை இறுகும், பிறகு எதுவும் பிடிபடாது. கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்கையை முழுதாக வைத்து, அதன் பாரம் மட்டும் காலில் இறங்கும்வரை பொறுத்திருந்து, அதன் பிறகு விரலை நகர்த்தச் சொல்வேன். தசை தளர்ந்தவுடன் சில்லின் ஓரமும் அதன் கீழே உள்ள நாணும் தெளிவாகத் தெரியவரும். இதைச் சிலர் ஒரே நாளில் பிடித்துக்கொள்வார்கள், சிலருக்கு மாதங்கள் எடுக்கும். பிடித்துக்கொண்ட பிறகு ஒருவரும் மறப்பதில்லை. நான் இப்படிச் சொல்லிக்கொடுப்பதைக் கண்ட தலைமை இயன்மருத்துவர் என்னைப் படிப்பிக்கும் பக்கம் தள்ளிவிட்டார். ஆஸ்பத்திரிகளோடு இருந்த பயிற்சிப் பாடசாலைகள் 1990களில் பல்கலைக்கழகங்களுக்குள் சென்றபோது நானும் மேற்படிப்பை முடித்து விரிவுரையாளராகச் சேர்ந்தேன்.

அங்கே என் மாணவர்கள் எந்தப் பயிற்சியை எழுதிக்கொண்டு வந்தாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இதை அவர் தன் வீட்டில் எந்தக் கதிரையில் இருந்து செய்வார்? கட்டிலின் உயரம், படிகளின் எண்ணிக்கை, வீட்டில் யார் பகலில் இருப்பார், அவருக்கு எந்தப் பாஷை தெரியும் என்பதெல்லாம் குறிப்பில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஆஸ்பத்திரியில் இயன்மருத்துவர் ஒருவரோடு இருக்கும் நேரம் நாளில் அரை மணி. மிச்ச நேரமெல்லாம் வீட்டாருடையது. வீட்டாருக்கு விளங்காத சிகிச்சை பாதிச் சிகிச்சைகூட ஆகாது என்பதே நான் அத்தனை ஆண்டுகளும் படிப்பித்ததன் சாரம்.

கேள்வி (பேராதனையில் இயன்மருத்துவம் இறுதியாண்டு படிக்கும் கோப்பாய் மாணவி): ரீச்சர், படிப்பு முடிந்ததும் வெளிநாடு போகச் சொல்லி வீட்டில் நெருக்குகிறார்கள். என்ன நடைமுறை? போகலாமா?

பதில்: நடைமுறையை முதலில் சொல்கிறேன். முதலாவது, இலங்கை மருத்துவச் சபையில் பதிவை எடுத்துவிடுங்கள். எந்த நாடும் அதைக் கேட்கும். பிரித்தானியாவில் இப்போது பதிவு செய்வது சுகாதார, பராமரிப்புத் தொழில்களுக்கான சபை, அதாவது எச்.சி.பி.சி. அவர்கள் உங்கள் பாடத்திட்டத்தையும் பயிற்சி மணித்தியாலங்களையும் தங்கள் தராதரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, குறை கண்டால் மேற்பார்வைக் காலமோ தேர்வோ விதிக்கலாம். ஆங்கிலத்துக்கு ஐ.ஈ.எல்.ரி.எஸ். தேர்வில் மொத்தம் 7, எந்தப் பிரிவிலும் 6.5க்குக் குறையாமல் வேண்டும். அவுஸ்திரேலியாவில் எழுத்துத் தேர்வும் அதன் பின்னர் செய்முறைத் தேர்வும் உண்டு. கனடாவில் சான்றிதழ் மதிப்பீடு கியூபெக் தவிர்ந்த மாகாணங்கள் எல்லாவற்றுக்கும் ஒன்று. வேலை செய்யும் உரிமத்தை அந்தந்த மாகாணம் கொடுக்கும். விதிகள் மாறக்கூடியவை, ஆகவே அந்தச் சபைகளின் சொந்த அறிவித்தல்களை மட்டும் நம்புங்கள். இடைத்தரகருக்குக் காசு கட்ட வேண்டிய தேவை இதில் எங்கும் இல்லை. பாடத்திட்ட விபரங்களையும் ஒவ்வொரு வார்ட்டிலும் செய்த பயிற்சி நேரங்களையும் இப்போதே முத்திரையோடு வாங்கி வையுங்கள். பிற்காலத்தில் கடிதம் எழுதிப் பெறுவது பெரும் பாடு.

போகலாமா என்பதற்கு என் அபிப்பிராயம்: இரண்டு மூன்று ஆண்டுகளாவது இங்கே வேலை செய்துவிட்டுப் போங்கள். இங்கே ஒரு காலையில் நீங்கள் காணும் நோயாளரின் வகையை அங்கே ஓர் ஆண்டிலும் காண மாட்டீர்கள். அந்தக் கையனுபவம் உங்களோடு வரும். நான் அங்கே தலைநிமிர்ந்து நின்றது அதனால்தான். வீட்டாரின் நெருக்கடிக்கும் பணத்தேவைக்கும் நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. ஆனால் உங்கள் வயதில் மூன்று ஆண்டு பெரிய இழப்பு அல்ல, வடக்கில் உள்ள நோயாளருக்கோ அது பெரிய வரவு.

கேள்வி (சாவகச்சேரியிலிருந்து ஒரு மகள்): அப்பாவுக்கு 71 வயது. பாரிசவாதம் வந்து மூன்று கிழமை. வலது கையும் காலும் பலமில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். நாற்பது நாள் அசைக்கக் கூடாது என்று அயலவர்கள் சொல்கிறார்கள். என்ன செய்வது, அம்மா?

பதில்: மகள், இந்தக் கேள்விக்கு நீளமாகவே எழுதப்போகிறேன், ஏனென்றால் இதே நிலையில் இன்று எத்தனையோ வீடுகள் இருக்கின்றன.

அசைக்கக் கூடாது என்பதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அது முதல் நாளுக்கு மட்டும். 2,000க்கு மேற்பட்ட நோயாளரை வைத்துச் செய்து 2015இல் வெளியிட்ட ஒரு பெரிய ஆய்வில், வாதம் வந்த 24 மணித்தியாலத்துக்குள் மிகத் தீவிரமாக எழுப்பி நடத்தியவர்கள் சற்றுக் குறைவாகவே தேறினார்கள். அது முதல் நாளின் கதை. மூன்று கிழமை கழிந்தவரை இன்னும் கிடத்தி வைத்தால் நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும், காலில் இரத்தம் கட்டியாகலாம், மூட்டுகள் இறுகும். டொக்டர் தடை சொல்லாவிட்டால் அப்பாவை இன்றைக்கே இருத்தத் தொடங்குங்கள்.

அவரை எழுப்பும்போது வலது கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. கக்கத்துக்குள் கை கொடுத்துத் தூக்கவும் கூடாது. பலமற்ற தோளில் எலும்பைத் தாங்கிப் பிடிக்கத் தசை இல்லை, ஓர் இழுவையில் மூட்டு இறங்கிவிடும். அதன் பிறகு வரும் தோள்நோவு மாதக்கணக்கில் நித்திரையைக் கெடுக்கும். இதை வீட்டுக்கு வந்துபோகும் ஒவ்வொருவருக்கும் சொல்லுங்கள், அன்பு மிகுந்து கையைப் பிடித்துத் தூக்குபவர்கள் அவர்கள்தான். கதிரையில் இருக்கும்போது வலது கையைத் தலையணை மேல் வையுங்கள், தொங்கவிட வேண்டாம்.

படுக்கையில் தானாகப் புரள முடியாவிட்டால் இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிவிடுங்கள். சாப்பாடும் தண்ணீரும் நிமிர்ந்து இருக்கும்போது மட்டும் கொடுக்க வேண்டும். சாப்பிட்ட பின்னும் அரை மணியாவது அப்படியே இருக்கட்டும். தண்ணீர் குடிக்கும்போது இருமினாலோ குரல் சலசலத்தாலோ கட்டாயம் டொக்டரிடம் சொல்லுங்கள், தண்ணீர் நெஞ்சுக்குள் போகிறது என்பதற்கு அது அடையாளம்.

எழுந்து நிற்கப் பழக்குவது இப்படி. அப்பாவைக் கட்டில் ஓரத்தில் இருத்துங்கள். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பட வேண்டும், கட்டில் உயரமென்றால் கீழே ஒரு பலகை போடுங்கள். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து வையுங்கள். நீங்கள் அவருடைய வலப்பக்கத்தில், அவரைப் பார்த்தபடி, உங்கள் முழங்காலை அவரது வலது முழங்காலுக்கு முன்னே அணையாக வைத்து நில்லுங்கள். இப்போது அவர் முன்னே சாய வேண்டும், மூக்கு பெருவிரலுக்கு நேர் மேலே வரும்வரை. எல்லோரும் இந்த இடத்தில்தான் பயந்து பின்னே சாய்வார்கள். பின்னே சாய்ந்தால் எவ்வளவு தூக்கினாலும் எழும்ப முடியாது. மூக்கு முன்னே வந்ததும் பிட்டம் தானாகக் கிளம்பும், நீங்கள் வழிகாட்டினால் போதும். நின்று, மூச்சு விட்டு, மெல்ல இருக்கட்டும். களைப்புத் தெரியும்முன் நிறுத்தி, பகலில் பல தடவை சிறிது சிறிதாகச் செய்யுங்கள். முதல் சில தடவை இயன்மருத்துவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துப் பழகுங்கள். ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கொண்டு போனால் அவர்கள் காட்டித் தருவார்கள்.

எண்ணெய் பூசித் தடவலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மெதுவாகத் தடவினால் கெடுதல் இல்லை, அப்பாவுக்கு ஆறுதலாகவும் இருக்கும். ஆனால் இழந்த பலம் அதனால் திரும்பாது. அவரே முயன்று அசைப்பதால்தான் திரும்பும். முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் விரைவாக இருக்கும், அதன் பிறகும் நிற்காது. பிரஷர் மருந்தை ஒரு நாளும் விடாதீர்கள். அப்பா காரணமில்லாமல் அழுதால் பயப்படவும் வேண்டாம், அதட்டவும் வேண்டாம். இந்த நோயில் அது வருவதுண்டு, தொடர்ந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள். வீட்டில் நீங்கள் ஒருவரே இதையெல்லாம் செய்கிறீர்கள் என்று உங்கள் எழுத்தில் தெரிகிறது. தம்பிமாரையும் ஒரு நேரம் பொறுப்பெடுக்கச் சொல்லுங்கள். உங்கள் நாரி போனால் அப்பாவைப் பார்க்க ஆள் இல்லை.

கேள்வி (அச்சுவேலி, தந்தை ஒருவர்): மகன் விழுந்து கை முறிந்துவிட்டது. ஒட்டகப்புலத்து முறிவு வைத்தியரிடம் புக்கை கட்டலாமா, ஆஸ்பத்திரிக்குப் போவதா?

பதில்: முறிவு நெரிவு வைத்தியத்தை நான் இழித்துப் பேசுபவள் அல்ல; என் தகப்பனாரின் கணுக்கால் அங்கேதான் சுகமானது. என்றாலும் முதலில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வளரும் பிள்ளைக்கு மூட்டருகே முறிந்தால், விலகிய எலும்பை உரிய இடத்தில் வைக்காவிட்டால் கை வளைந்தே வளரக்கூடும். எங்கே கட்டினாலும், கட்டிய பின்னர் நோ கூடிக்கொண்டே போனால், விரல்கள் விறைத்தால், வெளிறினால், குளிர்ந்தால், விரலை நீட்டிவிடும்போது தாங்கமாட்டாமல் அழுதால், விடியும்வரை காத்திருக்காமல் கட்டை அவிழ்த்து ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சில மணி நேரத்தில் தசை செத்துவிடும், அந்தக் கையை எந்த இயன்மருத்துவராலும் மீட்க முடியாது.

கேள்வி (பளை, விவசாயி): மிதிவெடியில் முழங்காலுக்குக் கீழே இடது கால் போய்ப் பல வருடமாகிறது. போட்டிருக்கும் கால் இப்போது ஆடுகிறது, தோல் உரிகிறது. இல்லாத பாதத்தில் இரவில் நோவும் வருகிறது. வயலுக்குப் போக வேண்டும், அம்மா.

பதில்: கால் ஆடுவதன் காரணம் எஞ்சிய கால் காலப்போக்கில் மெலிவதுதான். அதைச் சீலைத்துணி சுற்றி இறுக்கிச் சமாளிக்க வேண்டாம், மடிப்பு விழும் இடத்தில் புண் வரும். எஞ்சிய கால் பொருந்தி நிற்கும் குழியைப் புதிதாக அளவெடுத்துச் செய்விப்பதே வழி. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் 1987இலிருந்து இந்த வேலையைச் செய்துவருகிறது, அங்கே போங்கள். புண் ஆறும்வரை காலைப் போடாதீர்கள். நீரிழிவு இருக்கிறதா என்றும் சோதியுங்கள்.

ஜெய்ப்பூர் பாதம் எங்கள் மண்ணுக்கென்றே செய்தது போன்றது. ராஜஸ்தானில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டொக்டர் பி. கே. சேத்தியும் சேர்ந்து 1960களின் பிற்பகுதியில் அதை உருவாக்கினார்கள். அந்தக் காலத்து மேல்நாட்டுப் பாதத்துக்குச் சப்பாத்து வேண்டும், குந்தி இருக்க முடியாது, ஈரத்தில் பழுதாகும். ரப்பரால் மூடிய இந்தப் பாதத்தோடு வெறுங்காலாகச் சேற்றில் இறங்கலாம், குந்தலாம், சம்மணம் போடலாம். இங்கிலாந்தில் என் மாணவருக்கு ஒரு ஜெய்ப்பூர் பாதத்தைக் கையில் கொடுத்து, ஒரு விவசாயியின் நாளை மணிக்கு மணி எழுதச் சொல்வேன். ஏன் இப்படிச் செய்தார்கள் என்பது அதில் விளங்கிவிடும்.

இல்லாத பாதத்தின் நோவு மனப்பிரமை அல்ல. மூளையில் அந்தப் பாதத்துக்கான இடம் இன்னும் விழித்திருக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் கண்ணாடியைக் கொண்டு ஒரு முறையைக் காட்டினார். நீளமான முகக் கண்ணாடியை இரு கால்களுக்கும் நடுவே நிறுத்தி, நல்ல காலின் பிம்பம் இல்லாத காலின் இடத்தில் தெரியும்படி இருந்து, நல்ல பாதத்தை மெல்ல விரித்து மடக்க வேண்டும். எல்லோருக்கும் பலிப்பதில்லை, பலருக்கு நோ தணிகிறது. காசு செலவில்லாத முறை, ஆகவே நாளும் சிறிது நேரம் சில கிழமைகள் செய்து பாருங்கள். குறையாவிட்டால் அதற்கென மருந்துகளும் உண்டு.

கேள்வி (கனடா, ஸ்காபரோவிலிருந்து ஒரு மகன்): அன்ரி, அம்மாவை யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே கூப்பிட்டோம். 74 வயது. முழங்கால் நோ, பனியில் விழுந்துவிடுவேன் என்று வெளியே வருவதே இல்லை. அங்கே நன்றாகத்தானே நடந்தார்?

பதில்: அங்கே நடந்தார், தம்பி, ஏனென்றால் அங்கே முற்றம் கூட்டினார், கிணற்றில் தண்ணீர் அள்ளினார், பூப்பறித்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். ஒன்றையும் உடற்பயிற்சி என்று அவர் சொன்னதில்லை, எல்லாம் பயிற்சிதான். தொடர்மாடி வீட்டில் அவை ஒரே நாளில் நின்றுபோயின. தொடைத்தசை மெலிந்தால் முழங்கால் நோ கூடும், நோ கூடினால் இன்னும் இருப்பார். கையூன்றாமல் கதிரையிலிருந்து எழும்பி இருத்தல், குசினி மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தல், ஒரு காலில் நிற்றல், கட்டடத்தின் உள்நடைவழியில் நடத்தல், இவற்றில் தொடங்குங்கள். நியூசிலாந்தில் உருவாக்கிய ஒட்டாகோ பயிற்சித் திட்டம் இந்த வகையானதுதான். அதைச் செய்த முதியவர்களிடம் விழுதல் 35 சதவீதம் குறைந்தது. பயிற்சிக்கு வரச் சொல்லாமல் உதவிக்கு வரச் சொல்லுங்கள். கறி காய்ச்ச விடுங்கள், பேரப்பிள்ளையைப் பள்ளிப் பேருந்துவரை கொண்டுபோக விடுங்கள். வீட்டில் அவருக்கு ஒரு வேலை இருக்க வேண்டும்.

கேள்வி (ஹரோவில் வசிக்கும் தம்பதியர், வயது 60): திரும்பி வந்து யாழ்ப்பாணத்தில் இருக்க யோசிக்கிறோம். பென்சன், வைத்தியம் எல்லாம் என்னவாகும்?

பதில்: சுருக்கமாகச் சொல்கிறேன். பிரித்தானிய அரச ஓய்வூதியம் இலங்கைக்கும் வரும். ஆனால் ஆண்டுதோறும் கூட்டுவது இங்கே கிடையாது, குடியேறிய பின் முதலில் கிடைக்கும் தொகையிலேயே நின்றுவிடும். புதிய முறையில் அதைப் பெறக் குறைந்தது 10 ஆண்டுப் பங்களிப்பும், முழுத் தொகைக்குப் பொதுவாக 35 ஆண்டும் வேண்டும். குறைந்தால் புறப்படுமுன்னர் விசாரித்து நிரப்பலாம். அரச சேவையின் தொழில் ஓய்வூதியம் வேறு, அது விலைவாசியோடு கூடும். நிரந்தரமாக வந்துவிட்டால் அங்கே இலவச ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கான உரிமை வதிவிடத்தோடு போய்விடும். இதைப் பலர் அறிவதில்லை. இலங்கைக் குடியுரிமையை இழந்தவர்கள் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், 1987இலிருந்து சட்டத்தில் அதற்கு இடமுண்டு. இங்கே வீடு கட்டுவதாயின் படியில்லாத வாசல், குளியலறையில் கைபிடி, கொமட் ஆகிய மூன்றையும் இப்போதே வைத்துக் கட்டுங்கள். இடித்துக் கட்டும் வயதில் இடிக்கத் தெம்பு இராது.

கேள்வி (வட்டுக்கோட்டை, தாதி உத்தியோகத்தர்): ரீச்சர், இவ்வளவு காலம் ஆங்கிலத்தில் படிப்பித்த நீங்கள் இங்கே தமிழில் படிப்பிக்கிறீர்களா? கஷ்டமாக இல்லையா?

பதில்: இந்த மண்ணில் அதற்கு முன்னோடி உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, மாணவருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவருக்கு முடிந்தது, தமிழில் தாலாட்டுக் கேட்டு வளர்ந்த எனக்கு முடியாதா?

2002இல் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 வீதி திறந்த பின்னர் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் வீட்டில் நோயாளரைப் பராமரிப்பவர்களுக்குப் பயிற்சி வகுப்பு வைத்தேன். 2006இல் வீதி மூடப்பட்டதும் அது நின்றது. 2009க்குப் பின்னர் மறுபடி தொடங்கினேன். ஓய்வுபெற்ற பிறகு இதுவே என் முழுவேலை. வருபவர்களில் பெரும்பாலோர் மனைவிமாரும் மகள்மாரும். அண்மைக்காலமாக வெளிநாட்டுப் பிள்ளைகள் சம்பளத்துக்கு வைத்திருக்கும் பராமரிப்பாளர்களும் வருகிறார்கள். பாடம் நடத்தும் இடத்தில் ஒரு கட்டில், ஒரு பிளாஸ்டிக் கதிரை, ஒரு வாங்கு மட்டும் வைத்திருக்கிறேன், அவர்கள் வீட்டில் இருப்பவையும் அவைதான். ஒருவர் நோயாளியாகப் படுப்பார், மற்றவர் புரட்டுவார்; பிறகு மாறிப் படுப்பார்கள். தன்னைப் பிறர் இழுத்துத் தூக்கும்போது எப்படி நோகிறது என்பதை அறிந்தவர் அடுத்த முறை இழுக்க மாட்டார்.

இப்போது புரட்டுதல், இருத்துதல், எழுப்புதல், உணவு ஊட்டல் ஆகியவற்றுக்குப் பெரிய எழுத்தில், படத்தோடு, தனித்தனித் தாள்கள் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வார்ட்டில் வேலை செய்பவர். துண்டு வெட்டிப் போகும் நாளில் வீட்டார் உங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை எனக்கு எழுதி அனுப்புங்கள். எந்தத் தாளை முதலில் முடிப்பது என்பதை அவற்றை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.